நூல்கள் கேட்டதும் அரசுகள் கொடுத்ததும்

1864-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு குடும்பத்தின் பழைய காகிதங்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் இரண்டரை நூற்றாண்டாக அச்சேறாமல் கிடந்த லத்தீன் கையெழுத்துப் படி ஒன்று இருந்தது. எழுதியவர் ஹியூகோ குரோஷியஸ். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று ஐரோப்பாவே போற்றிவந்த அறிஞர். போரில் பிடித்த பொருள் யாருக்குச் சொந்தம் என்று அந்தப் படி வாதிட்டது. அதை அவர் எழுதியது ஒரு வணிகக் கம்பெனிக்காக.

பின்னணி இதுதான். 1603 பிப்ரவரியில் இன்றைய சிங்கப்பூரை ஒட்டிய கடலில், டச்சுத் தளபதி யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க் போர்த்துகீசியரின் 'சாண்டா கத்தரினா' என்ற பெருங்கப்பலைப் பிடித்தார். பட்டும் பீங்கானும் நிறைந்த அந்தச் சரக்கு ஆம்ஸ்டர்டாமில் 30 லட்சம் கில்டருக்கும் மேல் விலைபோனது. இது கடற்கொள்ளையா, நியாயமான போரா என்ற கேள்வி எழுந்தது. கம்பெனியின் பங்குதாரர்களில் சிலருக்கே மனம் ஒப்பவில்லை. பின்னாளில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் காலூன்றிய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, இருபது வயதைத் தாண்டியிருந்த இளம் வழக்கறிஞர் குரோஷியஸை நாடியது. அவர் எழுதிக் கொடுத்ததில் ஓர் அத்தியாயம் மட்டும் 1609-ல் 'மாரே லிபெரம்' என்ற பெயரில் வெளிவந்தது. கடல் எவருக்கும் தனிச்சொத்து அல்ல என்பது அதன் வாதம். 1613-ல் மசாலாத் தீவுகளில் டச்சுக்காரரின் தனியுரிமையைக் காக்க அவர் லண்டன் போனபோது, ஆங்கிலேயர் அந்த நூலையே எடுத்து அவர் முன் வைத்தார்கள்.

குரோஷியஸின் பெருமை இதனால் அழிந்துவிடவில்லை. அரசியல் வழக்கில் ஆயுள் சிறை பெற்று, 1621-ல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து கோட்டையிலிருந்து தப்பி, 1625-ல் பாரிஸில் அவர் வெளியிட்ட 'போர், சமாதானம் ஆகியவற்றின் சட்டம்' என்ற நூல் இன்றும் துறையின் அடித்தளம். போருக்குக் காரணம் வேண்டும், போருக்குள்ளும் வரம்பு வேண்டும் என்று அது வாதாடியது. ஆனால் அந்த ஏலத்துக்குப் பிறகு அவரைப் படிக்கும் விதம் மாறிப்போனது. நூல் என்ன சொல்கிறது என்பதோடு, யாருக்காகச் சொல்கிறது என்றும் கேட்க வேண்டியதாயிற்று.

போரையும் உலக ஆட்சிமுறையையும் பற்றிய நூல்களுள் சில வெறும் வரலாறாக நிற்காமல் சட்டமாகவே மாறியிருக்கின்றன. அப்படி மாறும்போதெல்லாம் ஒன்று நடக்கிறது. நூல் ஒன்றைக் கேட்கிறது. அரசுகள் தங்களால் விழுங்க முடிந்த அளவை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. கழித்துவிட்ட மிச்சம் என்ன, அதைக் கழித்தவர் யார் என்று பார்த்தால், ஏட்டிலுள்ள சட்டத்தைவிடத் தெளிவான வரலாறு கிடைக்கிறது.

இரண்டு ஏடுகள்

சுவிட்சர்லாந்து வணிகர் ஹென்றி டுனான்ட் 1859 ஜூனில் வட இத்தாலிக்குப் போனது தொண்டு செய்ய அல்ல. அல்ஜீரியாவில் அவருடைய நிலக் குத்தகைத் தொழில் சிக்கலில் இருந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனை நேரில் பார்த்து மனுக் கொடுக்கப் போனார். ஜூன் 24 அன்று சோல்ஃபெரினோவில் பிரெஞ்சு-சார்டீனியப் படைகளும் ஆஸ்திரியப் படையும் மோதின. ஏறத்தாழ 40,000 பேர் மாண்டோ காயமுற்றோ விழுந்தார்கள். அருகிலிருந்த காஸ்டிலியோனே ஊரின் தேவாலயங்களில் அவர்களைக் கிடத்தினார்கள். ஊர்ப் பெண்கள் எந்தப் படை என்று பாராமல் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். டுனான்ட்டும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

1862-ல் தம் சொந்தச் செலவில் 'சோல்ஃபெரினோவின் ஒரு நினைவு' நூலை அச்சிட்டு ஐரோப்பிய அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் அனுப்பினார். நூலின் முதற்பகுதி போர்க்கள வருணனை. கடைசிப் பக்கங்கள் இரண்டு கோரிக்கைகள்: ஒவ்வொரு நாட்டிலும் அமைதிக் காலத்திலேயே தொண்டர் சங்கம் வேண்டும், காயமுற்றோரைக் காக்க நாடுகள் கூடி ஒரு நெறியை ஏற்க வேண்டும். 1863 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐவர் குழு கூடியது. அதுவே செஞ்சிலுவை இயக்கத்தின் தொடக்கம். 1864 ஆகஸ்ட் 22 அன்று 12 நாடுகள் பத்துப் பிரிவுகள் கொண்ட முதல் ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

ஒரு நூல் வெளிவந்து இரண்டே ஆண்டில் சர்வதேச ஒப்பந்தமானது எப்படி? அது எந்த அரசிடமும் போர் செய்யாதே என்று கேட்கவில்லை. காயமுற்ற சிப்பாயைக் காப்பது எந்தத் தளபதிக்கும் நட்டமில்லை. இந்த இடத்தை அப்போதே கண்டுகொண்டவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். படைவீரனைப் பேணுவது அரசின் கடமை. அதைத் தொண்டர்கள் தலையில் ஏற்றினால் அரசுகளுக்குப் போர் இன்னும் எளிதாகும் என்று அவர் எதிர்த்தார். ஊர்மக்களைப் பற்றி அந்தப் பத்துப் பிரிவுகள் சொன்னதெல்லாம் காயமுற்றோருக்கு உதவுவோரைத் தொல்லை செய்யக் கூடாது என்ற அளவில்தான். போரில் சிக்கும் சாதாரண மக்களைக் காக்கத் தனி உடன்படிக்கை வர 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஐவர் குழு கூடிய அதே 1863-ல் அட்லாண்டிக்குக்கு அப்பால் இன்னொரு ஏடு பிறந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே, ஏப்ரல் 24 அன்று, ஆபிரகாம் லிங்கனின் அரசு 157 பிரிவுகள் கொண்ட படை ஒழுங்கு ஒன்றை வெளியிட்டது. தொகுத்தவர் பிரஷ்யாவில் பிறந்த பேராசிரியர் பிரான்சிஸ் லீபர். இளமையில் முதலாம் நெப்போலியனுக்கு எதிரான போரில் காயம்பட்டவர். அமெரிக்கப் போரில் அவருடைய ஒரு மகன் தென்பகுதிப் படையில் சேர்ந்து இறந்தான். இன்னொரு மகன் வடபகுதிப் படையில் கை இழந்தான்.

லீபரின் ஏடு சித்திரவதையைத் தடுத்தது. பிடிபட்ட கறுப்பினச் சிப்பாயை அடிமையாக்கும் தென்பகுதியின் வழக்கத்தைக் குற்றம் என்றது. ஆனால் அதன் 17-ஆம் பிரிவு எதிரியை, ஆயுதம் ஏந்தியவராயினும் ஏந்தாதவராயினும், பட்டினி போடலாம் என்று அனுமதித்தது. வரலாற்றாசிரியர் ஜான் ஃபேபியன் விட் 2012-ல் எழுதிய 'லிங்கனின் சட்டம்' என்ற நூல் இந்த இரட்டை முகத்தைத்தான் விரிவாக ஆராய்கிறது. மனிதநேயமும் போரை விரைந்து வெல்லும் வேகமும் ஒரே ஏட்டில் வாழ்ந்தன. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளக் கூடாது என்ற தெளிவான தடை 1977-ன் ஜெனீவா கூடுதல் நெறிமுறைகளில்தான் வந்தது. இந்தியாவும் இலங்கையும் அவற்றில் இன்றுவரை சேரவில்லை.

வங்கியாளரின் எச்சரிக்கையும் டம்டம் தோட்டாவும்

வார்சாவைச் சேர்ந்த ரயில்வே முதலாளி, வங்கியாளர் யான் பிளாக். 1898-ல் ஆறு தொகுதிகளில் எதிர்காலப் போரைப் பற்றி எழுதினார். புகையற்ற வெடிமருந்து, விரைந்து சுடும் துப்பாக்கி, நெடுந்தூரப் பீரங்கி ஆகியவற்றின் கணக்குகளை அடுக்கி அவர் கண்ட முடிவு: இனி வெட்டவெளியில் பாய்ந்து வெல்ல முடியாது. சிப்பாய் பள்ளம் தோண்டி அதில் பதுங்குவான், போர் ஆண்டுக்கணக்கில் நீளும், பொருளாதாரம் நொறுங்கும், அரசுகள் கவிழும். பதினாறு ஆண்டுகள் கழித்து முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் அழைத்த 1899 ஹேக் மாநாட்டுக்குப் பிளாக்கும் வந்திருந்தார். 26 நாடுகள் கூடின. ஆயுதக் குறைப்பு பேச்சோடு நின்றது. கிடைத்தவை ஒரு நிரந்தர நடுவர் மன்றமும், தரைப்போர் விதிகளும், சில தடைகளும்.

அந்தத் தடைகளில் ஒன்று உடலுக்குள் புகுந்ததும் விரியும் தோட்டாவுக்கு. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் செய்யப்பட்டதால் அதற்கு அந்த ஊரின் பெயர். பிரிட்டன் தரப்பில் பேசிய ஜெனரல் ஆர்டா, நாகரிக நாட்டுச் சிப்பாய் சாதாரணத் தோட்டாவுக்கே விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி விழமாட்டான் என்ற பொருள்பட வாதிட்டார். தோட்டாவின் உண்மையான இலக்கு வடமேற்கு எல்லைப் பழங்குடிகள். பிரிட்டனும் அமெரிக்காவும் தடையை எதிர்த்தன. பிரிட்டன் 1907-ல்தான் அதை ஏற்றது. மேலும் அந்தத் தடையே கையெழுத்திட்ட நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டும். காலனிகளின் மீது நடக்கும் போர் அதன் கணக்கில் வரவில்லை. உலகச் சட்டம் என்று பெயர் பெற்ற ஒன்றில் உலகின் பெரும்பகுதி வெளியே நின்றது.

லெம்கின் கேட்டது

1939-ல் போலந்திலிருந்து தப்பிய யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின், ஸ்வீடனில் தங்கியபோது ஒரு விநோத வேலையைத் தொடங்கினார். ஜெர்மனி தான் பிடித்த நாடுகளில் வெளியிட்ட அரசாணைகளைத் திரட்டினார். யாருக்கு எவ்வளவு உணவு, யார் மணம் முடிக்கலாம், எந்தப் பள்ளி எந்த மொழியில் நடக்கலாம் என்று ஆணைகள். தனித்தனியே பார்த்தால் நிர்வாகக் குறிப்புகள். சேர்த்துப் படித்தால் மக்கள் கூட்டங்களை வேரோடு அழிக்கும் திட்டம். சோவியத் யூனியன், ஜப்பான் வழியாக 1941-ல் அமெரிக்கா சேர்ந்த அவர், 1944 நவம்பரில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பாவில் அச்சு நாடுகளின் ஆட்சி' நூலை வெளியிட்டார். அதன் ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் இன்று நாம் இனப்படுகொலை என்று சொல்லும் குற்றத்துக்கு அவர் பெயரும் வரையறையும் தந்தார். போர் முடிந்தபோது அவருடைய குடும்பத்தில் 49 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

அவர் வரையறையில் கொலை ஒரு பகுதிதான். ஒரு கூட்டத்தின் மொழி, சமயம், நூலகம், பள்ளி, பொருளியல் வாழ்வு ஆகியவற்றை அழிப்பதும் அதே குற்றத்தின் முகங்கள். நூரம்பர்க் தீர்ப்பில் அவர் தந்த பெயர் இடம்பெறாதபோது, நியூயார்க்கில் ஐ.நா. தூதர்களைத் துரத்தித் துரத்தி ஆதரவு திரட்டினார். கியூபா, பனாமா, இந்தியா ஆகிய மூன்று நாடுகள் முன்மொழிந்த தீர்மானம் 1946 டிசம்பர் 11 அன்று பொதுச்சபையில் நிறைவேறியது.

இனி வெட்டு வேலை. 1947-ல் லெம்கினும் இரு வல்லுநர்களும் சேர்ந்து செய்த வரைவில் பண்பாட்டு அழிப்பு தனிப் பிரிவாக இருந்தது. பழங்குடி மக்களை அடக்கி நிலம் பிடித்த வரலாறு கொண்ட அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் அதை எதிர்த்தன. பாகிஸ்தானின் பேகம் ஷாயிஸ்தா இக்ராமுல்லா அதற்காக வாதாடினார், பயனில்லை. அரசியல் குழுக்களைக் கொல்வதும் இனப்படுகொலையே என்ற பகுதியைச் சோவியத் தரப்பு விரும்பவில்லை, அதுவும் போனது. 1948 டிசம்பர் 9 அன்று பாரிஸில் ஏற்கப்பட்ட உடன்படிக்கையில் பண்பாட்டு அழிப்பின் சுவடாக எஞ்சியது ஒன்றுதான்: ஒரு கூட்டத்தின் குழந்தைகளை வலிந்து வேறு கூட்டத்துக்கு மாற்றுவது குற்றம் என்ற வரி. கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகளைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று அழைத்தது 2015-ல்தான். அது அரசியல், அறவியல் வகையில் கனமான முடிவு. உடன்படிக்கையில் அந்தக் குற்றத்துக்குப் பிரிவு இல்லை.

இன்னொரு வெட்டு நுணுக்கமானது. உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவுப்படி நாடுகளுக்கு இடையிலான வழக்கு ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்தியா உடன்படிக்கையை உறுதிசெய்தபோது, ஒவ்வொரு வழக்குக்கும் எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும் என்று நிபந்தனை போட்டது. நாள் 1959 ஆகஸ்ட் 27. மறுநாள் லெம்கின் நியூயார்க்கில் இறந்தார். அமெரிக்கா 1988-ல்தான் உறுதிசெய்தது. அதுவும் இதே போன்ற நிபந்தனையோடு.

டர்பனிலிருந்து அருஷாவுக்கு

இனப்படுகொலை பற்றிய தீர்மானம் நிறைவேறிய 1946 டிசம்பரின் அதே வாரத்தில் ஐ.நா.வில் இன்னொரு மோதல். ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு முதல் வரைவு தந்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் யான் ஸ்மட்ஸ். மனித உரிமை என்ற சொற்றொடரை அதில் வைத்தவரே தம் நாட்டில் வெள்ளையர் ஆட்சியைக் காத்தார். அந்த ஆண்டுதான் இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டம் தென்னாப்பிரிக்காவில் வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழரின் சந்ததியினர் ஏராளம். விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான இந்தியக் குழு பொதுச்சபையில் புகார் எழுப்பியது. உள்நாட்டு விவகாரம் என்றார் ஸ்மட்ஸ். டிசம்பர் 8 அன்று, 32-க்கு 15 என்ற வாக்கில், இந்தியாவின் புகாரை ஏற்ற தீர்மானம் வென்றது.

மார்க் மஸோவர் 2009-ல் எழுதிய 'மாயமாளிகை அல்ல' என்ற நூல் இந்த நிகழ்வை மையத்தில் வைக்கிறது. பேரரசுகளைக் காக்கும் எண்ணத்தோடு கட்டப்பட்ட அமைப்பு, பேரரசுகளை எதிர்ப்போரின் மேடையாக மாறிய தருணம் அது என்பது அவர் வாதம். சூசன் பெடர்சனின் 'காவலர்கள்' 2015-ல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் ஆணைப் பகுதிகளைப் பற்றி இதற்கு இணையான ஒன்றைக் காட்டுகிறது. காலனிகளுக்குப் புதுப் பெயர் சூட்டிய ஏற்பாடே, அங்குள்ள மக்கள் ஜெனீவாவுக்கு மனு எழுதும் வழியையும் திறந்துவிட்டது.

அந்தத் தீர்மானம் நிறைவேறியபோது டர்பனில், தமிழ் வம்சாவளியில் வந்த ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளுக்கு வயது ஐந்து. அவர்தான் நவநீதம் பிள்ளை. ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில், தான்சானியாவின் அருஷா நகரில், மூன்று நீதிபதிகளில் ஒருவராக அமர்ந்து 1998 செப்டம்பர் 2 அன்று அகயேசு என்பவர் மீதான வழக்கில் தீர்ப்பளித்தார். சர்வதேச நீதிமன்றம் ஒன்று இனப்படுகொலைக் குற்றத்தில் ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் முறை. தொடக்கத்தில் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை இல்லை. சாட்சிகள் நடுவழியில் சொன்ன பிறகு சேர்க்கப்பட்டது. வன்புணர்வும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று தீர்ப்பு முடிவு கண்டது. உடன்படிக்கையின் வாசகத்தில் சொல்லப்படாததை நீதிமன்றம் இங்கே பொருள்கொண்டு நிரப்பியது.

பாதி படிக்கப்பட்ட தீர்ப்பு

நூலை வெட்டுவது அரசுகள் மட்டுமல்ல. டோக்கியோ போர்க்குற்ற வழக்கில் 11 நீதிபதிகளில் ஒருவரான ராதாபினோத் பால், ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய மாறுபட்ட தீர்ப்பில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்றார். ஆக்கிரமிப்புப் போர் நடந்த காலத்தில் அது குற்றமென்று சட்டம் சொல்லவில்லை, வென்றவர் தோற்றவரை மட்டும் விசாரிப்பது நீதியாகாது, போரால் பேரரசு கட்டியவர்களே நீதிபதிகளாக அமர்ந்திருக்கிறார்கள் என்பன அவர் வாதங்கள். அணுகுண்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. நீதிமன்றத்தில் இது வாசிக்கப்படவில்லை. நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு ஆட்சி முடிந்த 1952-ல் ஜப்பானில் வெளிவந்தது. மறு ஆண்டு கல்கத்தாவில் நூலானது.

ஜப்பானியத் தேசியவாதிகள் பாலைக் கொண்டாடினார்கள். 2005-ல் யாசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னமும் எழுந்தது. ஆனால் நான்ஜிங் உள்ளிட்ட இடங்களில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகள் நடந்தது உண்மை என்று அதே தீர்ப்பில் அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். தலைவர்கள்மீது பொறுப்பு நிறுவப்படவில்லை என்பதே அவர் சொன்னது. சின்னம் எழுப்பியவர்கள் அந்தப் பாதியைப் படிக்க விரும்பவில்லை. கேரி பாஸ் 2023-ல் வெளியிட்ட 'டோக்கியோவில் தீர்ப்பு' என்ற பெருநூல் பாலின் காலனிய எதிர்ப்பையும் அவர் வாதத்தின் இடைவெளிகளையும் ஒருசேரக் காட்டுகிறது.

இன்னும் எழுதப்படாத உடன்படிக்கை

லெம்கின் படித்த அதே லெம்பெர்க் நகரச் சட்டக் கல்லூரியில் அவருக்கு முன்பு படித்தவர் ஹெர்ஷ் லவுட்டர்பாக்ட். கேம்பிரிட்ஜ் பேராசிரியரான அவர் தனிமனிதரைக் காக்கும் சட்டத்தை விரும்பினார். கூட்டத்தை மையமாக்குவது இனப் பகையை இறுக்கும் என்று அஞ்சினார். மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற வகை 1945 ஆகஸ்டில் நூரம்பர்க் சாசனத்தில் இடம்பெற்றதில் அவர் பங்கு பெரிது. ஃபிலிப் சாண்ட்ஸின் 'கிழக்கு மேற்குத் தெரு' 2016-ல் இந்த இருவரின் கதையைத் தம் தாய்வழிக் குடும்பக் கதையோடு பின்னிச் சொன்னது.

லெம்கினின் குற்றத்துக்கு வெட்டுப்பட்டாவது ஓர் உடன்படிக்கை கிடைத்தது. லவுட்டர்பாக்டின் குற்றத்துக்கு அது இல்லை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் சாசனத்தில் அந்தக் குற்றம் உண்டு. ஆனால் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது அதற்காக வழக்குத் தொடுக்கத் தனி உடன்படிக்கை கிடையாது. இதன் விளைவு நடைமுறையில் தெரிகிறது. போஸ்னியா தொடுத்த வழக்கில் 2007-ல் சர்வதேச நீதிமன்றம் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்ததை மட்டுமே இனப்படுகொலை என்றது. மற்ற இடங்களின் பெருங்கொலைகள் நிரூபணமான பின்னும், அழிக்கும் தனி நோக்கம் உறுதியாகாததால், அவற்றின் மீது தீர்ப்புச் சொல்லத் தனக்கு அதிகாரமில்லை என்று நின்றது. மியான்மர் மீது காம்பியா 2019-ல் தொடுத்த ரோஹிங்யா வழக்கும் இனப்படுகொலை உடன்படிக்கை என்ற ஒரே வாசல் வழியாகத்தான் நுழைந்தது.

இலங்கை தொடர்பாக 2014-ல் மனித உரிமைப் பேரவை கேட்ட விசாரணையை, அப்போது ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளையின் அலுவலகம் தொடங்கியது. 2015-ல் வந்த அறிக்கை, போர்க்குற்றங்களும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்திருக்கக்கூடும் என்றும், நீதிமன்றம் ஒன்றே அதை முடிவுசெய்ய முடியும் என்றும் சொன்னது. அந்த இரண்டாம் வகைக் குற்றத்துக்காக நாடு நாட்டின் மீது வழக்குத் தொடுக்கத் தனி உடன்படிக்கை வாசல் இல்லை.

ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம், மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கான உடன்படிக்கை வரைவை 2019-ல் முடித்தது. 2024 டிசம்பரில் பொதுச்சபை, 2028, 2029 ஆண்டுகளில் மாநாடு கூட்டி அதை இறுதிசெய்ய முடிவெடுத்தது. வரைவின் 15-ஆம் பிரிவு நாடுகளின் சச்சரவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது. அதே பிரிவு, விரும்பாத நாடு அதிலிருந்து விலகிக்கொள்ளவும் இடம் தருகிறது. மாநாடு முடிந்து உடன்படிக்கை வெளிவரும்போது வாசகர் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பிரிவைத்தான். வரைவில் இருந்து எவை போயின, எந்த நாடு எதைக் கேட்டுப் போகச் செய்தது என்பதை அதற்கு அடுத்துப் பார்க்கலாம்.